புதுப்பிப்பு: பெண்கள் ஐக்கிய சங்கப் பொறுப்பை விடவில்லை

ஜனவரியில் எழுதியிருந்தேன்: எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், எல்லார் முன்னாலும் நின்றால் குரல் நடுங்குகிறது, விட்டுவிடலாமா என்று. விடவில்லை.

உங்களில் ஒரு அக்கா வேதாகமத்தில் யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். காலை முதல் சாயங்காலம் வரை இஸ்ரவேல் ஜனங்களை நடத்திய மோசே தனியாக உட்கார்ந்து நியாயம் விசாரிப்பதைப் பார்த்த மாமனார் எத்திரோ, இப்படியே போனால் நீயும் சோர்ந்துபோவாய், ஜனங்களும் சோர்ந்துபோவார்கள் என்று சொல்லி, ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை வைக்கச் சொன்ன இடம். எத்தனையோ முறை வாசித்த அதிகாரம்தான், ஆனால் அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது, ஏனென்றால் பாட்டு, ஜெபம், காணிக்கைக் கணக்கு, வீடு சந்திப்பு எல்லாவற்றையும் நானே தூக்கிச் சுமந்துகொண்டிருந்தேன்.

இப்போது பிரித்துக் கொடுத்துவிட்டேன். நாலு வார்த்தை பேசவே கூச்சப்படும் ஒரு தங்கச்சி போன மாதம் பெபேயாளைப் பற்றிப் பேசினாள். வேதாகமத்தில் ரோமர் நிருபம் 16-ல் பெபேயாளைப் பற்றி இரண்டே வசனம். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி, அந்த நிருபத்தை எழுதின அப்போஸ்தலன் பவுலுக்கும் இன்னும் அநேகருக்கும் ஆதரவாக இருந்தவள். தங்கச்சி பேசி முடித்ததும் பின்வரிசையில் ஒரு பாட்டி அழுதுவிட்டார்கள். எனக்கும் கண் கலங்கியது.

குரல் நடுக்கம் இன்னும் இருக்கிறது, ஆனால் முதல் ஐந்து நிமிடம்தான். அப்புறம், வீடு சந்திப்புக்கு இன்னும் ஆள் போதவில்லை, அதற்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.