திருவனந்தபுரம் – லண்டன்: 8,400 கிலோமீட்டருக்கு 15 மணி நேரமா?

தாமிரபரணிக்கரை:
ஜனவரியில் பாளையங்கோட்டையிலிருந்து லண்டன் போகணும். திருவனந்தபுரத்திலிருந்து வான்வழித் தூரம் சுமார் 8,400 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. போனால் கிட்டத்தட்ட ஒன்பதரை மணி நேரம்தானே? துபாய் வழி டிக்கெட்டில் அதிகாலை 4.30 புறப்பாடு, அன்றே மதியம் 2.00 லண்டன். கழித்தால் அதே ஒன்பதரை. ஆனால் பயண நேரம் 15 மணி என்று போட்டிருக்கு. துபாய் சுற்றினால் இவ்வளவு கூடுமா? சென்னை போய் நேரடி விமானம் பிடித்தால் மிச்சமாகுமா?

வள்ளியூரான்:
அண்ணாச்சி, ரெண்டு ஒன்பதரையும் தற்செயலாக ஒத்துப்போச்சு, அவ்வளவுதான். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் மணி. ஜனவரியில் லண்டன் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அதைக் கூட்டினால் 15. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை வித்தியாசம் நாலரைதான்.

துபாய் சுற்றே இல்லை. திருவனந்தபுரம் – துபாய் ஏறக்குறைய 2,950, துபாய் – லண்டன் 5,500. மொத்தம் 8,450, நேர்வழியைவிட ஐம்பது கி.மீ.தான் கூட. உலக உருண்டையில் நூலைப் பிடித்துப் பாருங்க: அரபிக்கடல், ஈரான், கருங்கடல், ருமேனியா என்று போகும். தட்டை வரைபடத்தில் இது தெரியாது.

நேரம் போவது வேறு இடத்தில். துபாய்க்கு 4 மணி 20 நிமிடம், அங்கே காத்திருப்பு 3 மணி, லண்டனுக்கு 7 மணி 40 நிமிடம் என்று வைங்க. ரெண்டு தடவை ஏற்றம், ரெண்டு தடவை இறக்கம், ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது எல்லாம் இதில் அடக்கம். மேற்கே போகும்போது மேல்காற்று எதிர்க்காற்று, குளிர்காலத்தில் இன்னும் பலமாக. திரும்பும்போது அதே காற்று தள்ளிவிடும். லண்டன் – துபாய் ஏழு மணி நேரத்துக்குள் முடியும்.

சந்திப்பு_ரயிலடி:
சென்னையிலிருந்து நேரடி என்றால் பத்தரை, பதினொன்று மணி நேரம். ஆனால் நெல்லையிலிருந்து ராத்திரி ரயிலே பத்து மணிக்கு மேல். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் திரிசூலம் போனால் விமான நிலையம் எதிரேதான். விமானத்தில் மிச்சமானது ரயிலில் போய்விடும். நடுவில் மாறுகிற தொல்லை இல்லை என்பதுதான் லாபம். வயதானவர்களுக்கு அதையே சொல்வேன். வாகைகுளத்திலிருந்து (தூத்துக்குடி விமான நிலையம்) விமானத்தில் சென்னை போகலாம். டிக்கெட் தனித்தனி என்றால் அது தாமதமாகி லண்டன் விமானம் போனால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். முந்தின நாளே போயிடுங்க.

ஆரல்வாய்மொழி_காற்று:
திருவனந்தபுரம் என்றால் சாலைக் கணக்கையும் பாருங்க. நாகர்கோவில் வரை நாலுவழி, ஒன்றரை மணி. அப்புறம் மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை எல்லாம் நெரிசல். பகலில் இரண்டரை மணி ஆகும். 4.30 விமானத்துக்கு ராத்திரி 9.30-க்குப் பாளையை விட்டால் 1.30-க்கு நிதானமாகச் சேரலாம். சர்வதேச முனையம் சாக்கை பக்கம். டிரைவரிடம் முதலிலேயே சொல்லிடுங்க, சங்குமுகம் பக்கம் போனால் உள்நாட்டு முனையம். ஆக, வீட்டிலிருந்து லண்டனில் இறங்க 22 மணி நேரம்.

ரெண்டு விமானமும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் (முன்பதிவு எண்) இருக்கட்டும். துபாயில் இடைவெளி ரெண்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. மறுபடி பாதுகாப்புச் சோதனை உண்டு. பெட்டியில் ஒட்டும் சீட்டில் கடைசி ஊர் எல்.எச்.ஆர். (லண்டன் ஹீத்ரோ) என்று இருக்கா எனக் கவுண்டரிலேயே பாருங்க. டி.எக்ஸ்.பி. (துபாய்) என்று மட்டும் இருந்தால் பெட்டி துபாயோடு நின்றுவிடும். திருவனந்தபுரம் கவுண்டரிலேயே மாற்றி ஒட்டச் சொல்லுங்க.