ராணுவ முகாம் ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

காஷிவா கண்ணன்:

வணக்கம். ஜப்பானுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது, காஷிவாவில் குடியிருக்கிறோம். போன வாரம் ஜோபன் லைன் ஸ்டேஷன் ஒன்றில் ஒரு போஸ்டரைப் பார்த்ததும் என் பையன் (7 வயது) அங்கேயே நின்றுவிட்டான். டாங்கி, ஹெலிகாப்டர், கீழே சிரிக்கிற கார்ட்டூன் பொம்மை. போனை வைத்து மொழிபெயர்த்துப் பார்த்தேன். இபராகியில் இருக்கிற சுச்சியூரா முகாமின் ஆண்டு நிறைவு விழாவாம். அனுமதி இலவசம், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று போட்டிருக்கிறது.

அந்த 'யார் வேண்டுமானாலும்' என்பதில் நாமும் சேர்த்தியா? பாஸ்போர்ட் கேட்பார்களா? இரண்டு வயதுப் பெண்ணும் இருக்கிறாள், அவளைத் தூக்கிக்கொண்டு போவது சரிவருமா? பையன் டாங்கியில் ஏறியே தீருவேன் என்கிறான். வீட்டம்மாவோ, "ஞாயிற்றுக்கிழமை பார்க்குக்குப் போகாமல் மிலிட்டரி கேம்ப்புக்கா சாப்பாடு கட்டிக்கொண்டு போவது?" என்கிறார். நம் ஊரில் ராணுவ முகாம் என்றால் மதில் சுவரும் 'போட்டோ எடுக்காதே' பலகையும்தான் பார்த்திருக்கிறேன். இங்கே திருவிழா என்கிறார்களே, உள்ளே என்னதான் நடக்கும்? போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஓமியா ராஜா:

தாராளமாகப் போகலாம். நான் இரண்டு முகாம் பார்த்திருக்கிறேன், பாஸ்போர்ட் எங்கேயும் கேட்கவில்லை. ரெசிடென்ஸ் கார்டு எப்படியும் பையில் இருக்க வேண்டியதுதான். வாசலில் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள், அவ்வளவுதான். யாகிசோபா (இங்கத்து வறுத்த நூடுல்ஸ்) வரிசை பதினோரு மணிக்கு மேல் நகராது, முன்னாலேயே வாங்கிவிடுங்கள்.

சுகுபா அக்கா:

தம்பி, நான் சுகுபாவுக்கு வந்து 14 வருடம். அந்த முகாம் எங்களுக்குப் பக்கம்தான், நான்கு முறை போயிருக்கிறேன். பெயர்தான் சுச்சியூரா, இருப்பது ஆமி என்ற பக்கத்து ஊரில், கசுமிகௌரா ஏரியை ஒட்டி. ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள், பஸ் பிடிக்க வேண்டும்.

முதலில் காது. மற்றதெல்லாம் அப்புறம். இந்த விழாக்களில் 'பயிற்சிக் காட்சி' என்று ஒன்று வைப்பார்கள். மைதானத்தில் ஒரு குட்டிச் சண்டையே நடக்கும். ஹெலிகாப்டர் வரும், வீரர்கள் ஓடுவார்கள், பீரங்கி வெடிக்கும். வெற்றுத் தோட்டாதான், ஆனால் சத்தம் நிஜம். என் சின்னவளுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது (இது வேறொரு முகாம்) முன்வரிசை கிடைத்த சந்தோஷத்தில் அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஒலிபெருக்கியில் எச்சரிக்கை சொல்லியிருப்பார்கள், நான்தான் கவனிக்கவில்லை. முதல் வேட்டு நெஞ்சுக்கூட்டில் வந்து இடித்தது. பிள்ளை அழவில்லை. வாயைத் திறந்தபடி என் முகத்தையே பார்த்தாள், நான்தான் அவளை அடித்தேன் என்பதுபோல. அதன்பிறகு சாயங்காலம் வரை தோளைவிட்டு இறங்கவே இல்லை. குழந்தைகளுக்கான காதுமூடி வாங்கிப் போடுங்கள், பஞ்சு போதாது. வெடிக்கிற நேரத்துக்கு யாராவது ஒருவர் அவளைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவது இன்னும் நல்லது.

காலையில் அணிவகுப்பு. அதற்கு முன்னால் பேச்சு. ஊர்த் தலைவர், எம்.பி. என்று ஒவ்வொருவராக மேடையேறி வாழ்த்துவார்கள். இந்த விஷயத்தில் எந்த நாடும் எந்த நாட்டுக்கும் சளைத்ததில்லை. கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் அம்மா, "அந்தப் பிள்ளைகளை உட்காரவாவது சொல்லக் கூடாதா, வெயிலில் எவ்வளவு நேரம்தான் நிற்கும்?" என்று அங்கலாய்த்துக்கொண்டே இருந்தார். மைதானத்தில் நிழல் கிடையாது. தொப்பியும் உட்காரப் பாயும் எடுத்துப் போங்கள்.

டாங்கி சவாரி: எல்லா முகாமிலும் இருக்காது. இருந்தால் காலையில் டோக்கன் கொடுப்பார்கள், சில இடங்களில் குலுக்கல். கதவு திறந்து கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். டாங்கிகளையே ஹொக்கைடோவிலும் கியூஷூவிலும் குவித்துவிட்டதால் ஹொன்ஷூவில் பல இடங்களில் இப்போது கவச வண்டியோ லாரியோதான். பையனிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

ஆனால் சுச்சியூராவில் இருக்கிற ஒன்று வேறு எங்கும் கிடைக்காது. அது தளவாடப் பள்ளி, அதாவது ஆயுதம், வண்டி ஆகியவற்றின் பராமரிப்பைச் சொல்லிக்கொடுக்கிற இடம். பழைய ஏகாதிபத்திய ராணுவத்தின் 89 ஆம் வகை டாங்கியைப் பழுதுபார்த்து ஓடவே வைத்திருக்கிறார்கள். 89 என்பது ஆங்கில வருடம் இல்லை. ஜப்பானின் பழைய பேரரசுக் கணக்கில் 2589, அதாவது 1929. இப்போது இருக்கிற 10 ஆம் வகை டாங்கி 2010 ஐக் குறிக்கிறது. காலண்டரை மாற்றியதிலேயே நடுவில் ஒரு போரில் தோற்ற கதை வந்துவிடுகிறது.

இனி, ஏன் திருவிழா என்று கேட்டீர்களே. எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். இவர்களுக்கு 'ராணுவம்' என்ற பெயரே கிடையாது. அரசியல் சாசனத்தின் 9 ஆவது பிரிவு, தரை, கடல், வான் படைகள் வைத்துக்கொள்வதில்லை என்கிறது. 1950 இல் கொரியப் போர் வந்து, இங்கிருந்த அமெரிக்கப் படைகள் அங்கே போனபோது 75,000 பேரைப் 'போலீஸ் ரிசர்வ்' என்று சேர்த்தார்கள். அதுதான் 1954 ஜூலை 1 அன்று தற்காப்புப் படை ஆனது. பெயர்களில் இன்னும் அந்தக் கூச்சம் இருக்கிறது. காலாட்படைக்கு இங்கே 'சாதாரணப் பிரிவு' என்று பெயர், பீரங்கிப் படைக்கு 'சிறப்புப் பிரிவு'. ஆரம்பத்தில் டாங்கியையே 'சிறப்பு வண்டி' என்றுதான் சொன்னார்களாம். அப்படிப் பிறந்த ஒரு படை, அக்கம்பக்கத்தாரிடம் நல்ல பெயர் வாங்கித்தான் ஆக வேண்டும். அதனால் வருடத்துக்கு ஒரு நாள் கதவைத் திறந்து வைத்து, யாகிசோபா போட்டு, பேண்டு வாசித்து, "நாங்கள் இவ்வளவுதான், வந்து பாருங்கள்" என்கிறார்கள். ஆள் சேர்ப்பும் ஒரு காரணம், மறைக்க ஒன்றுமில்லை. 2023 நிதியாண்டில் எடுக்க நினைத்ததில் பாதிப் பேர்தான் கிடைத்தார்கள். சேரும் வயது வரம்பை 26 இலிருந்து 32 ஆக உயர்த்தியும் அந்தக் கதிதான். குட்டிச் சீருடை மாட்டிப் போட்டோ எடுக்கிற கூடாரத்துக்குப் பக்கத்திலேயே ஆள் சேர்ப்பு மேஜையும் இருக்கும், கவனியுங்கள்.

என் அம்மா டாங்கியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் போய் நின்ற இடம் சமையல் வண்டி. லாரிக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற ஒரு டிரெய்லர், அதில் ஆறு அடுப்பு. 45 நிமிடத்தில் 200 பேருக்குச் சோறு என்று அட்டையில் எழுதியிருந்தது. அம்மா மூடியைத் தட்டிப் பார்த்தார், குனிந்து பர்னரைப் பார்த்தார். பிறகு என்னிடம், "அடி பிடிக்காதா, கேளு" என்றார். கேட்டேன். அந்தப் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. கழுத்தெல்லாம் சிவந்து, "பழகும் வரை பிடிக்கும்" என்றான். அம்மாவுக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துவிட்டது. "உண்மையாகச் சமைக்கிறவன்" என்று சான்றிதழ் கொடுத்தார்.

அதற்குப் பக்கத்தில் குளியல் கூடாரம். பேரிடரில் வீடு இழந்தவர்களுக்காக, ஒரு நாளைக்குச் சுமார் 1,200 பேர் குளிக்கிற மாதிரி வெந்நீர்த் தொட்டி. வாசலில் துணித் திரை தொங்கும். ஒவ்வொரு படைப்பிரிவும் தன் ஊர்ப் பெயரையோ ஊர்ப் பூவின் பெயரையோ அந்தக் குளியலுக்கு வைத்திருக்கும். 2024 புத்தாண்டு அன்று நோத்தோ நிலநடுக்கம் வந்த பிறகு டிவியில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். எங்கள் பக்கமே, 2015 செப்டம்பரில் கினு ஆற்றின் கரை உடைந்து ஜோசோ மூழ்கியபோது, கூரைமேல் நின்றவர்களை ஹெலிகாப்டரில் தூக்கியதை நாடே நேரலையில் பார்த்தது. இங்குள்ள பெரியவர்களிடம் இந்தப் படையைப் பற்றிக் கேட்டால் டாங்கியைச் சொல்லமாட்டார்கள், இதைத்தான் சொல்வார்கள்.

கடைசியாக ஒன்று. விழா முடிந்ததும் பஸ் நிறுத்தத்துக்கு ஓடாதீர்கள். முகாமை ஒட்டியே யோக்காரென் அமைதி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. 2010 இல் திறந்தது, ஆமி ஊராட்சி நடத்துகிறது. இந்த இடம் போர்க்காலத்தில் கடற்படை விமானிப் பையன்களுக்கான பயிற்சிப் பள்ளி, அந்தப் பயிற்சிக்குத்தான் யோக்காரென் என்று பெயர். 14, 15 வயதிலிருந்தே எடுத்திருக்கிறார்கள். நாடு முழுவதும் மொத்தம் சுமார் 2,40,000 பேர் சேர்ந்து, போர்முனைக்குப் போனவர்கள் சுமார் 24,000. திரும்பாதவர்கள் சுமார் 19,000. அவர்களின் ஏழு பொத்தான் சீருடையை அங்கே பார்க்கலாம். பெரியவனைக் கூட்டிப் போங்கள்.

காஷிவா கண்ணன்:

அக்கா, இவ்வளவு விவரமாகச் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கவே இல்லை. நன்றி. காதுமூடி இன்றைக்கே ஆர்டர் போட்டுவிட்டேன். வீட்டம்மா உங்கள் பதிலைப் படித்துவிட்டு, "சமையல் வண்டி இருக்கிறதென்றால் வருகிறேன்" என்கிறார்.

வடமராட்சியான்:

நான் யாழ்ப்பாணத்து ஆள், இப்போது நகோயாப் பக்கம். எங்களுக்கு 'காம்ப்' என்ற சொல்லே வேறு. அதனால் என் மகள் பள்ளித் தோழியோடு இப்படியொரு விழாவுக்குப் போகக் கேட்டபோது இரண்டு வருடம் சாட்டுச் சொல்லித் தள்ளினேன். மூன்றாம் வருடம் போனோம். வாசலில் சீருடைக்காரரைக் கண்டதும் என் கை தன்பாட்டில் சட்டைப் பொக்கற்றுக்குள் அடையாள அட்டையைத் தேடுகிறது. அவர் கேட்கவே இல்லை. என் பையை இரண்டு கையாலும் வாங்கி, உள்ளே பார்த்து, இரண்டு கையாலும் திருப்பித் தந்து, தலைகுனிந்து நன்றி சொன்னார். கொஞ்சத் தூரம் போய் ஒரு மரத்தடியில் இருந்துவிட்டேன். மகளுக்கு வெயில் என்று சொன்னேன்.

வெளியே கேட்டுக்கு எதிரில் ஆறேழு வயதானவர்கள் 9 ஆவது பிரிவைக் காப்பாற்று என்று பதாகை பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் அவர்களைக் கலைக்கவில்லை. விழாவைவிட எனக்கு அதுதான் புதினமாக இருந்தது. ஒரு துண்டுப் பிரசுரமும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வேட்டுச் சத்தம் பற்றி அக்கா சொன்னது சரி. நான் அந்த நேரம் கழிப்பறைப் பக்கம் போய் நின்றேன், என் காதுக்காக மட்டும் இல்லை.

சப்போரோ சங்கர்:

டாங்கிதான் வேண்டும் என்றால் ஹொக்கைடோவுக்கு வாருங்கள். சித்தோசே விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஹிகாஷி சித்தோசே முகாம். ஜப்பானின் ஒரே கவசப் படைப்பிரிவான 7 ஆவது டிவிஷன் அங்கேதான். 50 டன் எடையுள்ள 90 ஆம் வகை டாங்கிகள் வரிசையாக வரும்போது சத்தத்துக்கு முன்னால் பாதத்தில் தெரியும். எங்கள் சப்போரோ பனித் திருவிழாவின் பெரிய சிற்பங்களையும் 1955 இலிருந்து இவர்கள் கைவைத்துத்தான் செய்கிறார்கள்.

பழைய வீடியோ பார்த்துவிட்டு ஃபியூஜி மலையடிவாரத்துப் பெரிய பீரங்கிப் பயிற்சிக்குப் போக நினைக்கிறவர்களுக்கு: 2023 இலிருந்து பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. இணையத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

காஷிவா கண்ணன்:

போய் வந்தோம். சவாரி டோக்கன் தீர்ந்திருந்தது, நாங்கள் போனதே ஒன்பதரைக்கு. பையன் ஐந்து நிமிடம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். அப்புறம் அந்த 89 ஆம் வகை டாங்கி உருண்டு வந்ததும் மறந்துவிட்டான். "இது ஏன் அப்பா இவ்வளவு சின்னதாக இருக்கிறது?" என்று நாலு முறை கேட்டான். சின்னவள் காதுமூடியைக் கழற்றவே விடவில்லை, ரயிலிலும் அப்படியே தூங்கினாள். வீட்டம்மா சமையல் வண்டி முன்னால் இருபது நிமிடம் நின்றார்.

அருங்காட்சியகத்துக்கும் போனோம். பையன் கண்ணாடிக்கு முன்னால் நின்று சீருடையின் பொத்தான்களை எண்ணி ஏழு சரியாக இருக்கிறது என்றான். பிறகு ஒரு போட்டோவைக் காட்டி, "இந்த அண்ணன் எத்தனாவது படிக்கிறான்?" என்று கேட்டான். நான் சரியாகப் பதில் சொல்லவில்லை.

குட்டிச் சீருடையில் அவனை எடுத்த போட்டோவை ராத்திரி ஊருக்கு அனுப்பினேன். அப்பா உடனே போன் போட்டு, "ஸ்கூல் மாற்றிவிட்டீர்களா? யூனிஃபார்ம் புதிதாக இருக்கிறதே" என்றார்.