புதுப்பிப்பு: கசந்துபோன பூண்டு சூப், இரண்டாம் முயற்சி

போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன்: சுட்ட பூண்டு சூப் கசந்தது, பாலும் திரிந்துபோனது என்று. நேற்று மறுபடி செய்தேன். வந்துவிட்டது!

கசப்புக்குக் காரணம் நான்தான். பற்களை உரித்துத் தட்டில் பரப்பிச் சுட்டதில் ஓரமெல்லாம் கருகியிருந்தது. இந்த முறை 3 முழுப் பூண்டை உரிக்காமல், தலையை மட்டும் சீவி, எண்ணெய் விட்டு, அலுமினியத் தாளில் பொதிந்து ஓவனில் 200 டிகிரியில் 45 நிமிடம் வைத்தேன். ஆறியதும் அடியைப் பிதுக்கினால் ஒவ்வொரு பல்லும் தேன் நிறத்தில் வழுக்கிக்கொண்டு வருகிறது. காரம் துளியும் இல்லை. பச்சைப் பூண்டை நறுக்கும்போதுதான் அதிலுள்ள நொதி வேலை செய்து அந்த நெடியை உண்டாக்கும். முழுசாகச் சுட்டால் சூட்டில் நொதி அடங்கிவிடும்.

பால் திரிந்தது, கொதிக்கும்போதே எலுமிச்சை பிழிந்ததால். இப்போது பாலே இல்லை. வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி, ஒரு உருளைக்கிழங்கு, 3 கப் தண்ணீர் சேர்த்து வேகவிட்டு, பூண்டோடு அரைத்தேன். மறுபடி சுடவைத்து, அடுப்பை அணைத்தபின் அரை கப் ஃபிரெஷ் கிரீம். மைதா வேண்டாமா என்று கேட்டவருக்கு: கிழங்கே போதும், கெட்டியாகிவிடுகிறது.

அப்புறம், சூடாக மிக்ஸியில் போடாதீர்கள். மூடி எகிறி, சுவரில் இன்னும் கறை இருக்கிறது.

அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் மிளகு தட்டிப் போடு" என்றார். போட்டேன். அவர் சொன்னது சரி.