பிசியஸ், ஃபஸ்கஸ், ஃபுலிஜினஸ்: கறுப்புக்கு இத்தனை பேரோ?

நல்லூர் ரீச்சர்:
எங்கடை பள்ளிக்கூட இயற்கைக் கண்காட்சிக்குப் பிள்ளையள் பூச்சி, இறகு, மரக்குத்தி எண்டு கனக்கச் சேர்த்து வைச்சிருக்கினம். தமிழிலை விபரச்சீட்டு எழுதுறது என்ரை தலையிலை. இங்கிலிஸ் புத்தகங்களைப் புரட்டினால் ‘பிளாக்’ எண்டு நேரை எழுதுறாங்களில்லை. தென்னையைத் துளைக்கிற கொம்பு வண்டுக்குப் பிசியஸ், ஒரு குருவிக்கு ஃபஸ்கஸ், வேறொண்டுக்கு ஃபுலிஜினஸ். அகராதியிலை மூண்டுக்கும் ‘கருமையான’தான். அதையே மூண்டு சீட்டிலும் எழுதினால் பிள்ளையள் சிரிக்குங்கள். ஆராவது விளங்கப்படுத்துவியளோ?

பனங்கூடல்:
ரீச்சர், ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலையும் ஒரு சாமான் இருக்கு. பிசியஸ் வந்தது கீலுக்கான லத்தீன் சொல்லிலை இருந்து; தோணிக்குப் பூசுற கீல்தான். பூச்சி ஆராய்ச்சிக்காரர் இப்பிடி எழுதினால், கறுப்புக்குள்ளை ஒரு செம்மண்ணிறம் ஓடுது எண்டு எடுங்கோ. வண்டை மல்லாத்தி வெயிலிலை பிடிச்சுப் பாருங்கோ: முதுகு மினுங்கும், வயித்துப் பக்கம் செம்மண்ணிற மயிர்.

ஃபுலிஜினஸ் எண்டால் விறகடுப்புப் பானையின்ரை அடியிலை பிடிக்கிற கரி. மினுக்கம் துண்டற இராது.

ஃபஸ்கஸ்ஸைக் கறுப்பெண்டே சொல்லேலாது, மங்கின மண்சாம்பல். பனை வட்டிலும் கரண்ட் கம்பியிலும் ஒண்டோடை ஒண்டு ஒட்டிக் குந்தியிருக்கிற சாம்பல் குருவியளைக் கண்டிருப்பியள். அதின்ரை விஞ்ஞானப் பேரே ஆர்ட்டாமஸ் ஃபஸ்கஸ். அசல் கறுப்பு வேணுமெண்டால் இரட்டைவால் குருவியின்ரை இறகை வையுங்கோ, வெயில் பட நீலம் அடிக்கும். அந்தக் கறுவல் இலங்கையிலை எங்கடை வடக்குப் பக்கந்தான் கூட. தெற்கிலை இருக்கிறது வெள்ளை வயித்துக்காரன். சீட்டிலை கட்டாயம் போடுங்கோ.

குருநகர் மச்சான்:
கணவாயை விட்டிட்டியள்! செபியா எண்ட நிறம் கணவாயின்ரை கிரேக்கப் பேர். மைப்பை உடைஞ்சால் சட்டித் தண்ணி கன்னங்கரேல் எண்டு வரும். ஒரு சொட்டைக் கடதாசியிலை விட்டு விரலாலை இழுங்கோ, மெல்லிசாய்ப் போற இடத்திலை மண்ணிறம் தெரியும். முந்திப் படங்கீறுற ஆக்கள் அந்த மையைக் காயவைச்சுத்தான் பாவிச்சவை. எங்கடை தலைமயிரைக் கறுப்பாக்கிற மெலனின்தான் அதிலும். அப்பம்மாவின்ரை கலியாணப் படத்தையும் செபியா எண்டுவினம், ஆனால் அதிலை கணவாய் மை கிடையாது. படத்தாளிலை இருக்கிற வெள்ளி, சல்பைட்டாய் மாறி வாற நிறம் அது.

நல்லூர் ரீச்சர்:
ரெண்டு பேருக்கும் பெரிய உபகாரம். ஒரு பெடியன் கருங்காலிக் குத்தி கொண்டு வந்தவன், ஆனால் ஓரம் வெளிறிக் கிடக்கு. ஏமாத்திப் போட்டாங்களோ?

பனங்கூடல்:
இல்லை ரீச்சர், நல்ல சாமான். கருங்காலியிலை நடு வைரம்தான் கறுப்பு, சுத்தியுள்ள மரம் வெளிறல். ஓரமும் சேர்த்துக் கறுப்பாய் இருந்தால்தான் சாயமோ எண்டு சுரண்டிப் பார்க்கோணும்.