காவிரிக் கரைப் பயணத்துக்கு இலேசான அடுப்பு: உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

திருவையாற்றிலிருந்து:
ஆடியில் கல்லணை தொடங்கி பூம்புகார் வரை ஆற்றோரமாகச் சைக்கிளில் போகத் திட்டம். டீ, கஞ்சி, அவித்த முட்டை, அவ்வளவுதான் சமையல். ஆயிரம் ரூபாய்க்குள் எடை குறைவான அடுப்பு எது? தேடினால் வருவதெல்லாம் இமயமலை போனவர்கள் எழுதியது.

மயிலாடுதுறையிலிருந்து:
தம்பி, அவர்களுக்குப் பிரச்சினை குளிர். பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கினாலே, கேஸ் கேனுக்குள் திரவமாக இருக்கும் பியூட்டேன் ஆவியாக மறுக்கும். அதனால்தான் விலை கூடிய கலப்பு கேஸ் வாங்குகிறார்கள். நம் ஊர் வெக்கைக்கு வெறும் பியூட்டேனே போதும். நமக்கு எதிரி காற்று, அதுவும் நீங்கள் போவது ஆடியில்.

என்னிடம் இருப்பது மூன்று கால் விரியும் சின்ன பர்னர், குழாய் வைத்தது. கேன் தலையிலேயே திருகி மாட்டும் வகை இன்னும் இலேசு, விலையும் கம்மி. ஆனால் பாத்திரம் உயரத்தில் நிற்பதால் ஆற்று மணலில் சாயும். காற்றுக்குச் சுற்றிலும் தகடு வைத்தால் கேனும் சேர்ந்து சூடாகும், அது ஆபத்து. குழாய் வகையில் கேன் தள்ளி இருப்பதால் தகட்டைப் பர்னருக்கு நெருக்கமாகவே வைக்கலாம். அதற்காகக் கொஞ்சம் கூடுதல் எடையைச் சுமக்கலாம் என்பது என் கட்சி.

திருகு வாய் கேன் நம் பக்கத்துக் கடைகளில் நான் பார்த்ததில்லை. கேட்டரிங்காரர்கள் வைத்திருக்கும் நீளமான 225 கிராம் கேனைக் கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் வாங்கினேன். மாட்ட ஒரு அடாப்டர் வேண்டும். அந்தக் கேனைப் படுக்க வைத்தால், வாய் விளிம்பில் உள்ள சின்ன வெட்டு மேல்பக்கம் இருக்கட்டும். கீழே திரும்பிவிட்டால் வாயுவுக்குப் பதில் திரவமே வந்து, மஞ்சளாகத் தீ குபீரென்று எழும்பும். ஒரு லிட்டர் கொதிக்க 15 கிராம் போகும் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும்.

மன்னார்குடியிலிருந்து:
கேஸே வேண்டாம் என்பேன். பெயின்ட் டப்பாவில் அடியைச் சுற்றி ஓட்டை, மேலே குறுக்காக இரண்டு கம்பி, அடுப்பு தயார். தென்னம்பன்னாடையைக் கசக்கி உள்ளே திணித்துப் பற்றவைத்து, சுள்ளி போட்டு, தீ நின்றதும் கொட்டாங்குச்சியை உடைத்துப் போடுங்கள். நம் கரையில் இதற்கெல்லாம் பஞ்சமா? பாத்திரத்தின் வெளிப்பக்கம் முதலிலேயே சாம்பலைக் குழைத்துப் பூசிவிட்டால் கரி தேய்க்கிற வேலை பாதி மிச்சம். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் இது உதவாது, புகைதான் வரும்.

நாகப்பட்டினத்திலிருந்து:
அப்படியே கோடியக்கரைக்கும் போகிற எண்ணம் இருந்தால், சரணாலயத்துக்குள் தீ மூட்டவே கூடாது. எந்த அடுப்பானாலும் பையிலேயே இருக்கட்டும். நான் வேதாரண்யத்தில் ஃபிளாஸ்க் நிறைய டீ வாங்கிக்கொண்டுதான் உள்ளே போவேன்.

திருவையாற்றிலிருந்து:
நன்றி அண்ணே. குழாய் அடுப்பையே வாங்கிக்கொள்கிறேன். திரும்பும்போது மயிலாடுதுறையில் ரயில் ஏறலாமா? மிச்சமுள்ள கேனை என்ன செய்வது?

மயிலாடுதுறையிலிருந்து:
ரயிலில் கேஸ் எடுத்துப்போவது தடை, சின்ன கேன் என்றாலும். 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்ற சுற்றுலா ரயில் பெட்டியில் சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தது நினைவிருக்கும். அடுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு கேனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போங்கள், நான் டீ போட்டுத் தீர்த்துவிடுகிறேன்.