தோல் பொருள் ஏற்றுமதி: “கிஃப்ட் என்று எழுதுங்கள்” என்கிறார்கள், நான் என்ன செய்ய வேண்டும்?

மலர், சத்துவாச்சாரி:

அனைவருக்கும் வணக்கம். தோல் பர்ஸ், பெல்ட், கைப்பை, சாவிக்கொத்து விற்கும் சிறிய இணையக் கடை நடத்துகிறேன். ஆம்பூரில் சித்தப்பாவின் பட்டறையில் தைக்கிறோம். தோல் பேர்ணாம்பட்டிலிருந்து வருகிறது. இதுவரை உள்நாட்டு ஆர்டர்கள்தான். இப்போது சிங்கப்பூர், லண்டன், ஜெர்மனி, நியூஜெர்சி என்று வெளியூர்த் தமிழர்கள் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஒரு கூரியர் அலுவலகத்தில் விசாரித்தேன். கவுன்டரில் இருந்தவர், “லெதர் ஐட்டம், கிஃப்ட், பத்து டாலர் என்று எழுதிக் கொடுங்கள், எங்கேயும் நிற்காது” என்றார். என் கைப்பையின் விலை 4,800 ரூபாய். பத்து டாலர் என்று எழுதிக் கையெழுத்துப் போட மனம் ஒப்பவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

ஏற்றுமதி, இறக்குமதிக்கான ஐ.இ.சி. எண் வாங்கிவிட்டேன், ஜி.எஸ்.டி. பதிவும் இருக்கிறது. இனி என் பொருட்களை எப்படித் தயார் செய்ய வேண்டும்? எல்லாம் தோல்தானே, சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எச்.எஸ். எண் ஒன்றே போதுமா? அங்கே விழும் வரியை வாங்குபவரிடம் எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

ராணிப்பேட்டை ஆவணக்காரன்:

மலர் அம்மா, திரும்பி வந்ததுதான் சரி. ராணிப்பேட்டைத் தோல் நிறுவனங்களில் ஏற்றுமதி ஆவணம் எழுதியே காலம் தள்ளியவன் நான். இந்த “கிஃப்ட்” யோசனையைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. மாட்டிக்கொண்டால் சொன்னவருக்கு ஒன்றும் ஆகாது. கையெழுத்து உங்களுடையது, கடையின் பெயர் உங்களுடையது.

லண்டனில் பார்சலைப் பிரிக்கும் சுங்க அதிகாரி உங்கள் கடைப் பெயரைக் கணினியில் தட்டினால் போதும், அதே கைப்பை 4,800 ரூபாய் என்று படத்தோடு வந்து நிற்கும். வழியில் தொலைந்தால் இழப்பீடும் நீங்கள் எழுதிய பத்து டாலர் கணக்கில்தான் கிடைக்கும். நம் பக்கத்திலும் சிக்கல் உண்டு. பரிசும் மாதிரியும் போவது சி.எஸ்.பி. 4 என்ற கூரியர் ஷிப்பிங் பில்லில், அதாவது சுங்கத்துக்கான ஏற்றுமதிப் படிவத்தில். பணம் வாங்கி விற்ற பொருள் போக வேண்டியது சி.எஸ்.பி. 5-இல். பரிசாக அனுப்பிவிட்டால், வங்கியில் வந்து விழும் வெளிநாட்டுப் பணத்துக்கு ஈடாகக் காட்ட உங்களிடம் ஏற்றுமதி ஆவணமே இருக்காது. ஆகவே கூரியரிடம் கேட்கும்போதே “சி.எஸ்.பி. 5 போடுவீர்களா?” என்று கேளுங்கள். வெளிநாட்டுப் பணம் வரும் வங்கியில் அதற்கான ஏ.டி. கோடு வாங்கிச் சுங்கத் தளத்தில் பதிவு செய்யுங்கள். ஐ.ஜி.எஸ்.டி. வரி கட்டாமல் அனுப்ப எல்.யு.டி. என்ற உறுதிமொழிக் கடிதம் தாக்கல் செய்யுங்கள், அதை ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகச் செய்ய வேண்டும். ஐ.இ.சி. விவரங்களையும் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் உறுதி செய்யாவிட்டால் எண் முடங்கிவிடும்.

இனி பொருளுக்கு வருகிறேன். சுங்க வேலையைப் பார்சல் கட்டும் மேசையில் வைத்துக்கொள்ளாதீர்கள். கடையில் ஒரு பொருளைப் பதிவேற்றும் அன்றே அதன் வெளிப்புறம் எதனால் ஆனது, எந்த விலங்கின் தோல், உள்ளே என்ன லைனிங், எடை, விலை, எச்.எஸ். எண் எல்லாவற்றையும் பட்டறையில் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு எழுதிவிடுங்கள். ஆர்டர் வரும்போது இன்வாய்ஸில் அப்படியே ஏற வேண்டும்.

எல்லாம் தோல்தான், எண் ஒன்றல்ல. முதல் ஆறு இலக்கம் பெரும்பாலான நாடுகளுக்குப் பொது. தோல் பர்ஸ் 4202.31. தோல் கைப்பை 4202.21. பெல்ட் 4203.30. சாவிக்கொத்துக்குப் பொதுவாக 4205. சித்தப்பாவிடம் ஒரே அச்சில் வெட்டிய இரண்டு பர்ஸ்களை எடுத்துப் பாருங்கள். ஒன்றின் மேற்புறம் ஆட்டுத்தோல், உள்ளே சில்லறை அறை மட்டும் ரெக்ஸின்: அது 4202.31. மற்றொன்றின் மேற்புறமே ரெக்ஸின், உள்ளே நல்ல தோல்: அது 4202.32-க்குப் போய்விடும். வெளிப்புறம்தான் தீர்மானிக்கிறது. இந்த வேறுபாட்டை அலுவலகத்தில் உட்கார்ந்து படத்தைப் பார்த்து எழுதுகிறவர் கண்டுபிடிக்கவே முடியாது.

விவரணையில் ‘லெதர் ஐட்டம்’ என்று எழுதுவது வெற்றுத்தாள் கொடுப்பதற்குச் சமம். ‘ஆண்கள் மடிப்புப் பர்ஸ், ஆட்டுத்தோல், பருத்தி லைனிங், புதியது’ என்பதை ஆங்கிலத்தில் முழுதாக எழுதுங்கள். ஐரோப்பாவுக்குப் பார்சல் கிளம்பும் முன்பே மின்னணுத் தகவல் போக வேண்டும். ‘கிஃப்ட்’, ‘கூட்ஸ்’ போன்ற பொத்தாம்பொதுவான சொற்களை அங்கே ஏற்பதில்லை.

அமெரிக்காவுக்குப் போகும் பொருளில் ‘மேட் இன் இந்தியா’ என்று பொருளிலேயே இருக்க வேண்டும். 1930-ஆம் ஆண்டுச் சுங்கவரிச் சட்டம் அப்படிச் சொல்கிறது. காகித ஒட்டுத்தாள் தோலில் நிற்காது, எண்ணெய்ப் பசையில் உரிந்துவிடும். ஒரு பித்தளை அச்சு செய்து, பர்ஸைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில் சூடாகப் பதித்துவிடுங்கள்.

ஜெர்மனியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். தோலில் ஆறு இணைதிற குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது 2015 மே முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. நம் பகுதியில் பெரும்பாலும் குரோமிய உப்பு போட்டுச் செய்யும் குரோம் பதனிடுதல்தான். பதனிடும்போது போடுவது மூன்று இணைதிற குரோமியம்தான் என்றாலும், கையாளும் விதமும் சூடும் அதை மாற்றிவிடக்கூடும். தோல் பதனிட்ட டேனரியிடம் அந்த லாட்டுக்கான, அதாவது ஒன்றாகப் பதனிட்ட அந்தத் தொகுதிக்கான, ஆய்வு அறிக்கையைக் கேளுங்கள். இல்லையென்றால் சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமான சி.எல்.ஆர்.ஐ.-யில் சோதிக்கலாம். அதோடு, 2024 டிசம்பர் 13 முதல் பொருள் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்க ஒன்றியத்துக்குள்ளேயே ஒருவர் இருக்க வேண்டும். அவரை ஏற்பாடு செய்யாமல் ஜெர்மனி ஆர்டரை ஏற்காதீர்கள்.

ஆரணிப் பட்டு:

ஐயா சொன்னது சேலைக்கும் பொருந்தும். பட்டுச் சேலை ஆடை என்று நினைத்து ஆடைக்கான அத்தியாயத்தில் தேடுவார்கள். தைக்காதது என்பதால் அது துணியாக 5007-இல் வரும். தைத்த பட்டு ரவிக்கை 6206-க்குப் போகும். இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தால் இன்வாய்ஸில் இரண்டு வரி எழுத வேண்டும்.

சகோதரி கேட்ட வரி பற்றி: சிங்கப்பூர் எளிது. 400 சிங்கப்பூர் டாலர் வரை, உங்களைப் போன்ற சிறு கடை அனுப்பும் பார்சலுக்கு இறக்குமதியின்போது ஜி.எஸ்.டி. கேட்பதில்லை, அதற்கு மேல் 9 சதவீதம். பிரிட்டனில் 135 பவுண்டு வரையிலான பொருளுக்கு விற்கும்போதே நீங்கள் 20 சதவீத வாட் வசூலித்து அங்கே கட்ட வேண்டும், அதற்குப் பதிவு தேவை. பெரிய சந்தைத் தளங்கள் வழியாக விற்றால் தளமே அதைப் பார்த்துக்கொள்ளும்; தொடக்கத்தில் நான் அதையே சொல்வேன். அமெரிக்காவில் 800 டாலர் வரை இருந்த சுங்கவரி விலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. ஆகவே நியூஜெர்சிக்கு வரியையும் சேர்த்து நீங்களே கட்டும் டி.டி.பி. முறையில் விலை சொல்லுங்கள். வாசலில் கூரியர்காரர் வரி கேட்டு நின்றால் பலர் பார்சலை வாங்க மறுத்துவிடுவார்கள். எங்கள் சேலை ஒன்று அப்படித் திரும்பி வந்தது. இரு வழிச் செலவும் எங்கள் தலையில் விழுந்தது.

மலர், சத்துவாச்சாரி:

இருவருக்கும் மிக்க நன்றி. ஐயா, ஒரு பர்ஸ், ஒரு சாவிக்கொத்து என்று வரும் சிறிய ஆர்டருக்குக் கூரியர் கட்டணமே பொருளின் விலையை நெருங்குகிறது. அஞ்சலில் அனுப்பினால் முறையான ஏற்றுமதியாகக் கணக்கில் வருமா?

ராணிப்பேட்டை ஆவணக்காரன்:

வரும் அம்மா. அஞ்சல் துறையின் டாக் கர் நிர்யாத் கேந்திரா என்ற ஏற்பாடு அதற்காகவே இருக்கிறது. தளத்தில் பதிவு செய்து அஞ்சல் ஏற்றுமதிப் பில்லை நீங்களே இணையத்தில் போடலாம். சுங்கச் சோதனைக்கு நீங்கள் சென்னை போக வேண்டியதில்லை. வேலூர் தலைமை அஞ்சலகத்தில் விசாரியுங்கள். வெறும் சி.என். 22 என்ற அஞ்சல் சுங்க ஒட்டுச்சீட்டை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், பில் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் சிங்கப்பூர் ஆர்டரை இப்படி அனுப்பிப் பாருங்கள். பணம் வந்ததும் இன்வாய்ஸ், பில், வங்கித் தகவல் மூன்றிலும் தொகை ஒன்றாக இருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள். பேர்ணாம்பட்டில் அடுத்த தோல் எடுக்கும்போது லாட் எண்ணைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆய்வு அறிக்கை எந்தத் தோலுக்கு என்று பின்னால் காட்ட அது வேண்டும்.