பின்சக்கரத்தில் பெண்டு (ரிம்மின் கோணல்) எடுக்க ஆலோசனை தேவை

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். நான் குளச்சலில் வசிக்கிறேன். என் பழைய ஸ்பிளெண்டர் பைக்கின் பின்சக்கர டியூபை (18 அங்குல ரிம், 36 கம்பிகள்) அண்மையில் வீட்டிலேயே இரண்டு முறை மாற்ற நேர்ந்தது. முதல் முறை புது டியூபை லிவரால் நெருக்கி ஓட்டையாக்கியவன் நானே. டயரின் எதிர்ப்பக்க விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்தில் மிதித்து இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவியிருந்தால் அவ்வளவு பலம் தேவைப்பட்டிருக்காது. இரண்டாம் முறை பார்த்தபோது, ரிம் டேப் (டியூபில் கம்பி நுனிகள் படாமல் தடுக்கும் பட்டை) கிழிந்து, ஒரு கம்பியின் நுனி நிப்பிளை (கம்பியை ரிம்மில் இறுக்கும் சிறு நட்டு) தாண்டி முள்போல் நீட்டிக்கொண்டிருந்தது. அதை அரத்தால் ராவிவிட்டுப் புது டேப் சுற்றினேன்.

இப்போது காற்று நிற்கிறது. ஆனால் சக்கரத்தைச் சுழற்றி, அருகில் சாக்குக்கட்டியைப் பிடித்தால், ஓரிடத்தில் மட்டும் ரிம் இடப்பக்கம் சுமார் 4 மி.மீ. ஒதுங்குகிறது. அவ்விடத்தில் வலப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்று இறுக்கி, இடப்பக்கக் கம்பிகளை அதே அளவு தளர்த்த வேண்டும் என்பது தெரியும். ஆனால் உப்புக்காற்றில் துருப்பிடித்த நான்கு நிப்பிள்கள் அசையவே மறுக்கின்றன. இரண்டு நாள் மண்ணெண்ணெய் ஊற்றியும் பயனில்லை. ஒன்றின் முனைகள் மழுங்கியும்விட்டன.

அந்த நான்கை மட்டும் வெட்டி மாற்றினால் போதுமா, அல்லது 36 கம்பிகளையும் மாற்றுவதுதான் முறையா? கடலோரத்தில் எவர்சில்வர் கம்பி போட்டவர்களின் அனுபவத்தையும், நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கம்பிகளைச் சில்லறையாகத் தரும் கடை எந்தப் பகுதியில் உள்ளது என்பதையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.